உறை நனையவில்லை

பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். இராமநாதபுரத்தில் நான் நடத்துகிற கடை வயிற்றுப்பாட்டுக்கு. லேப்டாப் சரிசெய்வது, பிரிண்டருக்கு மை நிரப்புவது, வீடுகளுக்குக் கேமரா மாட்டுவது என்று பொழுது ஓடிவிடும். கடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை ஆசைக்கு. முப்பது வருடத்துக்கு முந்திய பெட்டிகள், பச்சை எழுத்துக் காட்டும் திரைகள், அப்பளம் அளவுக்கு இருக்கும் பிளாப்பிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நல்ல மனநிலையில் இருந்தால் என் மனைவி அதை ஆஸ்பத்திரி என்பாள். கோபமாக இருந்தால் சுடுகாடு என்பாள். செத்துக் கிடக்கிற ஒன்றை எடுத்துப் பழுது பார்த்து, அது 'பீப்' என்று சத்தம் போட்டு எழுந்திருப்பதை வீடியோ எடுத்துப் போடுவேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டில் நான் மயங்கிக் கிடந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நான் மறைத்து வைத்திருந்தது வேறு.

அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். மென்பொருள் கம்பெனியில் வேலை. பேச்சில் பாதி ஊர், பாதி சென்னை.

"எங்க அப்பா தவறி ரெண்டு வருசம் ஆச்சு சார். அவரோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வீட்டுல கெடக்கு. டூ எய்ட்டி சிக்ஸ் மாடல்னு நெனைக்கிறேன். அதை ஓட வைக்க முடியுமான்னு பாத்துச் சொல்லணும். ஓடுச்சுன்னா இங்க எடுத்துட்டு வந்து ஹால்ல வச்சுக்கலாம்னு ஆசை. வீட்டுல அம்மா மட்டும்தான் இருக்காங்க. உச்சிப்புளியில இருந்து புதுமடம் போற ரோட்டுல வீடு."

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுள்ள பெட்டி முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் பழைய இரும்புக்காரர் கைக்குப் போய், தகரம் தனி, பிளாஸ்டிக் தனி என்று ஆகிவிட்டிருக்கும். பெட்டி படுக்கை வாக்கில் இருக்குமா, ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அது ஓடுனதே கொஞ்ச நாள்தான் சார். அப்பா ராம்நாட்டுல அரண்மனைப் பக்கம் ஒரு மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தாரு. எங்கம்மா தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். வீட்டில் பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய சிரிப்பு அது.

நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். மேசையில் பிரித்துப் போட்டிருந்த லேப்டாப்பின் திருகுகளில் எது எந்த ஓட்டைக்குரியது என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது அவருடைய அம்மா இல்லை. நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமம். கொஞ்சம் நிலம், மிளகாய்த் தோட்டம், ஒரு டிராக்டர் என்று சுமாராக இருந்த குடும்பம். கல்லூரிக்கு இடம் கிடைக்காமல் சும்மா திரிந்த மகனை அய்யாதான் கொண்டுபோய் அந்த சென்டரில் சேர்த்துவிட்டார். அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். எட்டுப் பேர் முறைவைத்து ஆளுக்கு அரைமணி நேரம் உட்காருவோம். சென்டர் வைத்திருந்த சார் பம்பாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிர்ந்து பேச மாட்டார். எனக்கு அந்த வேலை சட்டென்று பிடிபட்டுவிட்டதால் சென்டர் சாவியையே என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். பெட்டியின் இரண்டு பக்கமும் இருக்கிற பித்தானை ஒன்றாக அமுக்கினால் மேல்மூடி டிராக்டர் பானெட் மாதிரி தூக்கிக்கொண்டு திறக்கும். அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் அந்த சென்டரில் இரண்டே பேர்தான், அவரும் நானும்.

சாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். நாங்கள் எல்லாம் இரண்டு விரலால் கொத்திக்கொண்டிருந்த காலத்தில், அவர் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வந்து உட்கார்ந்து, விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார். விஜயதசமியிலிருந்து பெண்களுக்கு என்று தனி வகுப்பு, அதற்கு அக்காதான் டீச்சர் என்று முடிவாகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு அளவு கொடுத்து நீல ரெக்சினில் உறை தைத்து வாங்கி வந்தவரும் அவர்தான். தூசி படக்கூடாதாம். நாங்கள் கூடக் கிண்டல் செய்வோம்.

இனி அந்த ஆயுத பூசை. எங்கள் வீட்டில் அன்றைக்கு டிராக்டருக்குத்தான் முதல் மரியாதை. அய்யா பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இன்ஜின் மேலேயே தீர்த்தம் தெளித்துப் பொட்டு வைப்பார். வெளித்தகரத்துக்கு வைத்தால் அது பெயின்டுக்கு வைத்ததாகத்தான் ஆகும், உழைக்கிறது உள்ளே இருக்கிறதுதானே என்பார். பம்புசெட் மோட்டாருக்கும் மூடியைக் கழற்றித்தான் பூசை. அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த வருடம் மகாளய அமாவாசைக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போயிருந்த அய்யா, ஒரு பாட்டிலில் கோயிலின் கோடி தீர்த்தமும் பிரசாதமாக வில்வ இலையும் கொண்டுவந்திருந்தார். நான் அதில் பாதியைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டேன்.

சார் முதல்நாளே சொல்லியிருந்தார், சந்தனம் குங்குமம் எல்லாம் உறைமேல் மட்டும்தான், தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது என்று. பம்பாயில் இருந்த மனுசர், அவருக்கு நம்ம முறை எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கே தெரியாமல் அவருக்கு ஒரு நல்லது செய்யப் போகிறேன் என்ற பெருமை வேறு. இப்போது நினைத்தாலும் அந்தப் பெருமைதான் முதலில் கூசுகிறது.

பூசையன்று காலையில் அக்கா வந்து அறையைக் கழுவி விட்டுப் போயிருந்தார். மாவிலையும் மாலையும் வாங்கிக்கொண்டு நான் பத்து மணிக்குப் போனபோது தரையில் ஈரம் காயவில்லை. சன்னல்கள் திறந்து கிடந்தன. நான் ரெக்சின் உறையை எடுத்தேன். மானிட்டரை இறக்கி வைத்தேன். இரண்டு பித்தானையும் அமுக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்ததிலேயே பெரிய சில்லுக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். வில்வ இலையோடு சேர்த்துத் தீர்த்தத்தை இரண்டு கை நிறைய அள்ளி விட்டேன். தெளிக்கவில்லை, அள்ளி விட்டேன். பிறகு மூடி, மானிட்டரை ஏற்றி, உறையைப் போட்டு, தோரணம் கட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் சாரும் அக்காவும் வந்து உறைக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, சுண்டல் கொடுத்தார்கள். ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேர ஆறு பெண்கள் பெற்றோருடன் வந்து நின்றார்கள். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். சார் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்பு சுவிட்சைத் தூக்கினார். படார் என்று ஒரு சத்தம். பின்பக்கமாகப் புகை வந்தது. ஒரு பெண் அலறிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

பிளக்கைப் பிடுங்கியது நான். சார் மேசையைச் சுற்றி வருவதற்குள் மானிட்டரை இறக்கி மூடியைத் திறந்ததும் நான்தான். திறந்த கையோடு கைக்குட்டையால் சில்லின் மேல் இருந்த பொட்டை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அப்படித்தான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உள்ள ஈரமா இருக்கு சார்" என்றேன்.

அது உண்மை. நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய்யும் அந்த ஓர் உண்மை செய்த கெடுதலைச் செய்ததில்லை.

சார் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "கழுவுறேன் கழுவுறேன்னு மேல ஊத்திட்டியா?"

"உறை போட்டிருந்துச்சுங்க. உறை நனையல" என்றார் அக்கா.

சார் என் பக்கம் திரும்பினார். "உறை போட்டிருந்தா தண்ணி எப்படிப்பா உள்ள போகும்?"

சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். கேள்வி கேட்டவர் என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தவர். நான் சொன்னேன், "அடியில இருந்து தெறிச்சிருக்கும் சார்."

அவ்வளவுதான். சேர வந்தவர்கள் போய்விட்டார்கள். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது என்றார். பொங்கலுக்குள் சென்டரை மூடினார்கள். சார் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குப் போனார். நான் மதுரைக்குப் போய் ஹார்டுவேர் படித்தேன், திரும்பி வந்து கடை வைத்தேன். சார் இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்திருக்கிறார். நம்ம சென்டர்ப் பையன் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். நான் டீ வாங்கிக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுவேன். அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை என் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டினார்கள். அன்றைக்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். எடுக்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் போனேன்? பாவம் தீர்க்கப் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் போகாவிட்டால் அவர் மகன் வேறு ஒருவரைக் கூப்பிடுவார், அந்த ஆள் ஒழுங்காகத் திறந்து பார்ப்பான் என்ற பயத்தில்தான் போனேன். பெட்டி மேல் ஆசையும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பனைகளுக்கு நடுவில் காரை வீடு. கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்றில் ஈரம் பிசுபிசுத்தது. கேட்டின் கீழ்ப்பாதி துருவேறி உதிர்ந்திருந்தது. அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார். நான் மொட்டைத் தலையும் தொந்தியுமாக இருக்கிறேன், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் முந்திக்கொண்டு, "வணக்கம்மா, மகன் சொல்லியிருப்பாரே" என்றேன். அக்கா என்ற சொல்லை வாயில் வர விடாமல் பார்த்துக்கொண்டேன்.

"வாங்க தம்பி. அங்கன உள் ரூம்புல இருக்கு. லைட்டு சுவிட்ச நீங்களே போட்டுக்கங்க, நான் தொடுறதில்ல."

ஏதோ வயதான பயம் என்று நினைத்து விளக்கைப் போட்டேன். மேசைமேல் அதே நீல உறை. ஓரங்களில் ரெக்சின் வெடித்திருந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"ஓடுமா ஓடாதான்னு அவன் கேப்பான். நான் கேக்குறது வேற தம்பி."

"சொல்லுங்கம்மா."

"இது தண்ணியினாலதான் போச்சா? அப்படின்னா தண்ணி எந்தப் பக்கமா உள்ள போச்சு? நீங்க படிச்சவங்க, தெறந்து பாத்தாத் தெரியும்ல. அதை மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போங்க."

"அது ரொம்ப வருசம் ஆச்சேம்மா, இப்ப எதுக்கு?" என்றேன்.

"உறையப் போட்டுட்டுத்தான் கழுவுனேன். உறைய நான் தொட்டுப் பாத்தேன், ஈரமே இல்ல. ஆனா உள்ள தண்ணி இருந்துச்சுன்னாங்க. ரெண்டும் எப்படி நெசமா இருக்க முடியும்? எத்தனையோ நாளு இதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவரு என்னைய ஒரு வார்த்த திட்டல தம்பி, அடிக்கல. சிரிப்பாரு. கிரைண்டர் வாங்குனப்ப, தொடாத, தண்ணி ஊத்திருவன்னு சிரிப்பு. டிவி வந்தப்ப சிரிப்பு. வீட்டுக்கு யாரு வந்தாலும், இவ கை பட்டு ஒரு கம்ப்யூட்டரே போச்சுன்னு மொத கத அதுதான். பையனும் அதையே கேட்டு வளந்துட்டான். நானும் எதுக்கு வம்புன்னு ஒண்ணையும் தொடுறதில்ல. போன் வந்தா எடுப்பேன். போடத் தெரியாது."

விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்தவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையிலிருந்து திருப்புளி, பிரஷ், மீட்டர் எல்லாவற்றையும் தேவைக்கு அதிகமாகவே எடுத்து மேசையில் பரப்பினேன்.

பித்தான்கள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு அமுக்கியபோது மூடி பாதி தூக்கி நின்றது, மீதியைக் கையால் தூக்கினேன். தூசி, பல்லி முட்டை ஓடுகள். கடிகாரத்துக்கான பேட்டரி கசிந்து அக்கம்பக்கத்தில் பச்சை பூத்திருந்தது. பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு கெப்பாசிட்டர் வெடித்துத் திறந்து கிடந்தது. போர்டில் அங்கங்கே கருகல். ஆனால் போர்டின் செம்புத் தடங்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தன. ஹார்ட் டிஸ்க்கின் தண்டு கையால் திருப்பினால் சுற்றியது. வேறு எந்த வீடாக இருந்தாலும் குதித்திருப்பேன். இரண்டு மாதம் உட்கார்ந்தால் எழுப்பிவிடலாம்.

பெரிய சில்லின் மேல், அதன் எழுத்துக்களின் பள்ளத்தில், லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. கைக்குட்டைக்கு வராத மிச்சம். பவர் சப்ளை இருந்த இடத்தில், தகரத்தோடு ஒட்டி, மூன்று இதழும் கலையாமல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது வில்வ இலை.

அக்கா என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலையை விரலுக்குள் மடக்கி, கண்ணாடியை எடுக்கிற சாக்கில் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், கடை வைத்திருக்கிறவன், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவன். பத்தொன்பது வயதில் கைக்குட்டையால் செய்ததையே மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை கை தானாகச் செய்தது என்று சொல்ல முடியாது.

பிறகு ஒரு பொய்யைத் தேடினேன். இரக்கமுள்ள பொய்யாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அக்காமேல் பழி இல்லை என்று சொல்லிவிட வேண்டும், என்மேலும் வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு தயார் பதில் இருக்கிறது. கேட் உதிர்ந்தால், பைக் செயின் அறுந்தால், பேன் சுற்றாவிட்டால் எல்லாரும் சொல்வது.

"இது தண்ணி இல்லம்மா" என்றேன். "உப்புக்காத்து. உள்ள போயி ஈரமாப் படிஞ்சு, கரண்டு வந்ததும் வெடிச்சிருக்கு. பாக்கத் தண்ணி மாதிரிதான் இருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவர் யோசித்தார்.

"உப்புக்காத்துன்னா சன்னல் வழியாத்தான வந்திருக்கும்?"

"ஆமாம்மா."

"சன்னலத் தெறந்து போட்டதும் நாந்தான் தம்பி. கழுவி விட்டது காயட்டும்னு தெறந்து வச்சேன். அன்னைக்கு நல்ல காத்து." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நாந்தான். தண்ணின்னு நெனச்சேன், காத்து. சரி. தெரிஞ்சுக்கிட்டேன்ல, அது போதும்."

போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து, எனக்கு டீ போடப் போனார்.

அந்த ஐந்து நிமிடம் நான் அந்த அறையில் இருந்ததைப் போல எங்கேயும் இருந்ததில்லை. எனக்கு இன்னொரு பொய்யும் தெரிந்திருந்தது. பேட்டரி கசிவு என்று சொல்லலாம், பச்சையைக் காட்டலாம், அவர் நம்புவார். ஆனால் பேட்டரி வாங்கும்போது கூட இருந்தேன் என்றோ, அதைத் துடைக்காமல் விட்டேன் என்றோ அதற்குள்ளும் அவர் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார் என்று தோன்றியது. அப்படிப் பழக்கியிருந்தோம் அவரை. சார் சிரித்துப் பழக்கினார், அதற்கு அடி போட்டுக் கொடுத்தவன் நான்.

டீயை வைத்தார். நான் எடுக்கவில்லை.

"அக்கா" என்றேன்.

வைத்த கை அப்படியே நின்றது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சட்டைப்பையில் கையை விட்டேன். இலையை எடுத்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது தூளாகியிருந்தது. விரல் நுனியில் கொஞ்சம் பழுப்புப் பொடி வந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டியதாயிற்று. டிராக்டர் பூசையைச் சொன்னேன், தீர்த்தத்தைச் சொன்னேன், மூடியைத் திறந்து இரண்டு கை அள்ளி விட்டதைச் சொன்னேன். அழுதுகொண்டு சொல்லவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்ற அளவுக்காவது எனக்கு அப்போது புத்தி இருந்தது.

"சாவி வச்சிருந்த பயலா நீ?" என்றார்.

"ஆமாக்கா."

"அவரு உன் கடைக்கு வந்திருக்காருல்ல? வந்து சொல்லுவாரு, நம்ம பையன் பெரிய கடை வச்சிருக்கான்னு."

"வந்திருக்காருக்கா."

"அப்பவும் சொல்லல."

"சொல்லல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். போய்த் தொலை என்று சொன்னால் போய்விடலாம். அவர் மேசையருகே வந்து குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். அந்தச் சிவப்பு எங்கே என்று கேட்டார். காட்டினேன். தொடவில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"மகனுக்குப் போடு. எனக்குப் போடத் தெரியாது. சத்தமா கேக்குற மாதிரி வை."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து மேசையில் வைத்தேன். அம்மா தானாகப் போட மாட்டார் என்று மகனுக்குத் தெரியும், எடுத்ததுமே "சார், பாத்தீங்களா? ஓடுமா?" என்றார்.

ஓடும் என்றேன். முதலில் அதைத்தான் சொன்னேன், அதிலும் ஒரு கோழைத்தனம். பவர் சப்ளை மாற்ற வேண்டும், நாலைந்து கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும் என்று அடுக்கப் போனேன். அக்கா மேசையைத் தட்டினார். நான் நிறுத்திவிட்டுச் சொன்னேன். நான் உங்கள் அப்பாவிடம் படித்தவன், அம்மா கெடுக்கவில்லை, பூசைக்காக நான்தான் உள்ளே கோடி தீர்த்தம் விட்டேன், அன்றைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று.

அந்தப் பக்கம் மகன் வெடித்துச் சிரித்தார்.

"சார்! செம சார் இது! சிபியுவுக்குக் கோடி தீர்த்தமா? இதை நீங்க வீடியோவாப் போடணும் சார், பிச்சுக்கும். அய்யோ அம்மா, இத்தனை வருசமா உன்னைய ஓட்டிட்டு இருந்தோமே! சரி விடுங்க சார், சின்ன வயசு. இதுக்கெல்லாம் போயி ஃபீல் பண்ணாதீங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது உடம்பெல்லாம் லேசாகியது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது, அதுவும் சிரிப்போடு. நானும் சிரிக்கப் போனேன். உதடு பாதி விரிந்தும் விட்டது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, சிரிக்காத" என்றார் போனைப் பார்த்து.

"இல்லம்மா, நான் சும்மா..."

"சிரிக்காதன்னேன். அவரு மறுபடியும் சொல்லுவாரு. சிரிக்காமக் கேளு." என் பக்கம் திரும்பினார். "மொதல்ல இருந்து சொல்லு. உங்க சாரு உன்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரு. நானும் அங்கனதான் நின்னேன். அதுக்கு நீ என்ன சொன்ன? அதைச் சொல்லவே இல்லையே. அதையும் சேத்துச் சொல்லு."

அதை விட்டுவிட்டேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அல்லது தெரிந்தேதான் விட்டேனா, இப்போதும் சொல்ல முடியவில்லை.

மறுபடியும் சொன்னேன். ஆறு பெண்கள் காத்து நின்றதைச் சொன்னேன். பொட்டைத் துடைத்ததைச் சொன்னேன். உறை நனையவில்லை என்று அம்மா சொன்னார்கள், பிறகு எப்படித் தண்ணீர் போகும் என்று அப்பா என்னைக் கேட்டார், அடியிலிருந்து தெறிச்சிருக்கும் சார் என்று நான் சொன்னேன், அவர் என்னை நம்பினார் என்றேன்.

"சரி சார். போதும் சார்" என்றார் மகன். குரல் மாறியிருந்தது.

"இன்னும் முடியல" என்றார் அக்கா. "இப்ப வந்து உப்புக்காத்துன்னு சொன்னியே, அது."

அதையும் சொன்னேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மகன் "அம்மா" என்று கூப்பிட்டார். அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அவன் அடுத்து என்ன சொல்கிறான் என்று கேட்கக் காத்திருந்தார்.